உடம்பு முடியாத நாளுக்கும் சம்பளம் உண்டுங்க

ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ ஜவுளிக்கடையில் வருசக்கணக்காக நின்று வேலை பார்க்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், காய்ச்சலில் படுத்தால் சம்பளம் உண்டா என்று. "வேலைக்கே போகாம எப்படிங்க சம்பளம் கேக்கறது, ரெண்டு நாள்னா மொதலாளி பாத்து விட்டுருவாருங்க" என்பார்கள். மொதலாளி மனசு வைத்துக் கொடுக்கிற விஷயமே இல்லை இது, சட்டத்தில் இருக்கிறது. அதுவும் 1947ஆம் வருசத்துச் சட்டம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று பெயர். 25ஆம் பிரிவில் மூன்று வகை விடுப்பு வருகிறது. பன்னிரண்டு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருசத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. இது ஒன்று. இதற்கு மேல், நோய்க்கோ விபத்துக்கோ வருசத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. அதற்கும் மேல், நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு 12 நாள் வரை. கடைசி இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசத்திலேயே உண்டு. "வருசம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்கிற கடைக்காரர் முதல் வகையை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறார், அல்லது வேண்டுமென்றே குழப்புகிறார். ஆனால் நோய் விடுப்பும் தற்செயல் விடுப்பும் அந்தந்த வருசத்தோடு சரி, எடுக்காவிட்டால் அடுத்த வருசத்துக்குச் சேராது.

இதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, அதைப் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஒருவர் நோயில் இருக்கும்போதோ விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போதோ வேலையை விட்டு எடுத்தால், அன்றைக்கு அவர் கணக்கில் மீதி இருக்கிற நோய் விடுப்புக்கு உண்டான பணத்தைக் கொடுத்தாக வேண்டும். "நீ நல்லாகி வர்றதுக்குள்ள வேற ஆள் போட்டுட்டோம்" என்று போனில் சொல்லி முடித்துவிடுகிறார்களே, அந்த இடத்தில் எடுத்துக் காட்ட வேண்டிய வரி இதுதான்.

நான் திருப்பூரில் பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) கணக்குப் பார்க்கிற ஆபீசில் வேலை செய்கிறேன். அதனால் அடுத்த பக்கத்தையும் சொல்லவேண்டும். மேலே சொன்னது கடை, ஓட்டல், ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு. பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி எல்லாம் பாக்டரி கணக்கு. அங்கே நோய்க்கு என்று தனி விடுப்பு சட்டத்தில் கிடையாது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பழைய பாக்டரி சட்டப்படி அதற்கு வருசத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகியிருக்கிறது. நோய்க்கு இருப்பது ஈஎஸ்ஐ. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் என்று பிடித்துக் கட்டுகிறார்கள். உடம்பு முடியாமல் போனால் சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை வாங்கலாம். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்றால் 350. காசநோய், புற்றுநோய் மாதிரி பட்டியலில் உள்ள பெரிய நோய்களுக்கு 80 சதவீதம் வரை போகும், காலமும் நீளும்.

காகிதத்தில் இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு அக்கா போன மழைக்காலத்தில் எங்கள் ஆபீசுக்கு வந்தார். காய்ச்சல் விட்டும் மூட்டு வலி விடவில்லை, நாற்காலியில் உட்காரவே மேசையைப் பிடித்துக்கொண்டார். பர்சில் சாமி படத்துக்குப் பின்னால் ஈஎஸ்ஐ அட்டையை மடித்து வைத்திருந்தார், மடிப்பில் எண்ணே பாதி அழிந்திருந்தது. மாசாமாசம் பணம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் வைத்தியம் பார்த்தது தெருமுனை கிளினிக்கில், கைக்காசு போட்டு. "ஈஎஸ்ஐக்குப் போனா அரை நாள் போயிருமுங்க, அந்த அரை நாள் கூலி யாரு குடுப்பா" என்றார். ஈஎஸ்ஐ டாக்டர் கொடுக்கிற சர்டிபிகேட் இல்லாமல் அந்தப் பணத்தை வாங்குவது பெரும்பாடு. அது போகட்டும் என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் அவர் பேரில் இரண்டு எண் இருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து கம்பெனி மாறியிருக்கிறார், புதுக் கம்பெனியில் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். பதிவில் இருந்த போன் நம்பர் காண்ட்ராக்ட்காரருடையது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நோய்ப் பணம் வாங்க ஆறு மாசக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஒரே எண்ணில் இருந்தால் இரண்டு கம்பெனி நாளும் சேரும். இரண்டு எண்ணாகப் பிரிந்தால் இங்கே நாற்பது, அங்கே ஐம்பது என்று எதிலும் எட்டாமல் போகும். உழைத்த நாள் உழைத்ததுதான், பிடித்த பணமும் பிடித்ததுதான், கணக்கு மட்டும் இல்லை என்கிறது. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து இதை விளக்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. திருப்பூர் மாதிரி ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கிற ஊரில் பழைய எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுவது கம்பெனி ஆபீசின் கடமை. அதை அலட்சியமாகச் செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இன்னொரு சிக்கல். ஈஎஸ்ஐ உள்ள பெரிய கடைகளில் "அதான் ஈஎஸ்ஐ இருக்கே, நாங்க தனியா நோய் விடுப்பு தரவேண்டியதில்லை" என்பார்கள். ஒரே சலுகையை இரண்டு சட்டத்தில் வாங்க முடியாது என்று விதி இருப்பது உண்மைதான். ஆனால் ஈஎஸ்ஐயில் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. நம் ஆட்கள் எடுக்கிற லீவில் முக்கால்வாசி அந்த இரண்டு நாள் காய்ச்சல்தான். அதற்குத் தற்செயல் விடுப்பைக் கேளுங்கள். அது நோய்க்கான சலுகை அல்ல, அதனால் ஈஎஸ்ஐயைக் காட்டி மறுக்க முடியாது என்பதுதான் என் கருத்து. பத்துப் பேருக்குக் குறைவான சின்னக் கடை என்றால் பெரும்பாலும் ஈஎஸ்ஐயே இருக்காது, அங்கே 12 நாள் நோய் விடுப்பை நேராகவே கேட்கலாம்.

சோமனூர், பல்லடம் பக்கம் நாலு தறி, ஆறு தறி போட்டு ஓட்டுகிற கொட்டாயில் வேலை செய்கிறவர்களுக்கும், வீட்டில் பீஸ் வாங்கிக் கைமடி வேலை பார்க்கிற பெண்களுக்கும் நடைமுறையில் இவை எதுவும் கிடைப்பதில்லை. படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

லீவு கேட்கும்போது வாயால் சொல்லி விடாதீர்கள். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் "இன்று காய்ச்சல், நோய் விடுப்பு வேண்டும்" என்று ஒரு வரி போடுங்கள், டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அதன் கீழேயே அனுப்புங்கள். தேதியோடு அது நிற்கும். சம்பளம் பிடித்தால் அந்தச் சம்பளச் சீட்டையும் வைத்துக்கொண்டு தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். ஈஎஸ்ஐ உள்ளவர்கள் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் பழைய எண்ணைக் கொடுங்கள். செப்டம்பர் முடிந்ததும் ஒரு தடவை, மார்ச் முடிந்ததும் ஒரு தடவை உங்கள் பேரில் எத்தனை நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். போனில் பார்க்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள், பதிவில் இருப்பது உங்கள் போன் நம்பர்தானா என்பதையும் சேர்த்து.