தோற்றவர் ஐயா, மூட்டை கட்டியவன் நான்

2019 மே 23, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. ஐயா தோற்பது மதியம் இரண்டு மணிக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஐந்து வருஷம் எம்.பி.யாக இருந்த ஐயா ஊரில், வாக்கு எண்ணும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய உதவியாளனான நான் டெல்லி நார்த் அவென்யூவில், அவருக்கு ஒதுக்கிய அரசு வீட்டில் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் அணைத்துவிட்டேன். இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. "தம்பி, சாப்பிட்டியா?" என்றார். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வீட்டை எப்பக் காலி பண்ணணும்னு விசாரிச்சு வை. அந்த விஷயத்துல நமக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது" என்றார்.

விசாரிக்க என்ன இருக்கிறது? மக்களவை கலைந்த நாளிலிருந்து ஒரு மாதம், அவ்வளவுதான். 16ஆவது மக்களவையைக் குடியரசுத் தலைவர் மே 25 அன்று கலைத்தார். ஆக, ஜூன் 25க்குள் சாவி கைமாற வேண்டும். ஐந்து வருஷமாக நான் படுத்ததும் அந்த வீட்டின் முன் அறையில்தான். என் சம்பளம் எம்.பி.யின் அலுவலகப் படியிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றது. வேலை போன பிறகுதான் எனக்கு வேலை ஆரம்பித்தது என்று வையுங்கள்.

பெரிய தலைவர்கள் கதை வேறு. பிரிட்டனில் தோற்ற பிரதமர் மறுநாளே டவுனிங் தெருவை விட்டுக் கிளம்பிவிடுகிறார். இங்கே 1977இல் தோற்ற இந்திரா காந்தி, சப்தர்ஜங் சாலை ஒன்றாம் எண் வீட்டைக் காலி செய்துவிட்டு வில்லிங்டன் கிரசன்ட் 12க்குப் போனார். 2014இல் மன்மோகன் சிங் ரேஸ் கோர்ஸ் சாலையிலிருந்து மோதிலால் நேரு மார்க் 3க்குப் போனார். பிரதமராக இருந்தவர்களுக்கு ஒரு பங்களா போனால் இன்னொரு பங்களா. தோற்ற எம்.பி.க்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான்.

எம்.பி.க்கு வீடு ஒதுக்குவது மக்களவையின் ஹவுஸ் கமிட்டி. வீட்டுக்குள் இருக்கும் கட்டில், சோபா, திரைச்சீலை எல்லாம் மத்தியப் பொதுப்பணித் துறையான சி.பி.டபிள்யூ.டி.யின் சொத்து. கரண்டும் தண்ணீரும் புது டெல்லி நகராட்சியான என்.டி.எம்.சி. வருஷத்துக்கு 50,000 யூனிட் மின்சாரமும் 4,000 கிலோலிட்டர் தண்ணீரும் எம்.பி.க்கு இலவசம், ஆனால் அதற்கு மேல் போயிருந்தால் கணக்குத் தீர்க்க வேண்டும். தொலைபேசி அப்போது அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி என்று நான்குக்கும் தனித்தனியாக 'நோ டியூஸ்' சான்று வாங்க வேண்டும்.

தோற்ற பிறகு இந்தக் காகிதம் எதற்கு என்றுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அடுத்து எந்தத் தேர்தலில் நின்றாலும், வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கேள்வி உண்டு: கடந்த பத்து ஆண்டுகளில் அரசு வீட்டில் குடியிருந்தீர்களா? ஆம் என்றால் அந்த நான்குக்கும் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். ஐயாவுக்கு இன்னொரு முறை நிற்கும் ஆசை இருந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

முதல் வேலையாக என்கொயரி ஆபீஸுக்குப் போய் வீட்டுச் சாமான்களின் பட்டியலை வாங்கினேன். டெல்லி அரசுக் குடியிருப்புகளில் பைப் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் போய் நிற்கும் இடம் அதுதான்; பெயர் என்னவோ என்கொயரி. பட்டியலின் அடியில் 2014ஆம் வருஷத் தேதியோடு என் கையெழுத்து. வீட்டுக்குள் நுழைந்த அன்று சந்தோஷத்தில் ஒரு பொருளைக்கூடச் சரிபார்க்காமல் போட்ட கையெழுத்து. தப்பு முழுக்க என்னுடையது. ஒவ்வொரு சாமானின் முதுகிலோ அடியிலோ பெயின்டால் ஒரு எண் எழுதியிருப்பார்கள். சாமானும் எண்ணும் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். குனிந்து, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு நாற்காலியும் ஒரு டீபாயும் குறைந்தன.

நாற்காலிகள் மொட்டை மாடியில் கிடைத்தன. குரங்குகள் உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றின் பிரம்பு பிய்ந்திருந்தது. நார்த் அவென்யூவில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் நிரந்தர உறுப்பினர்கள் அவைதான்.

டீபாய்தான் அகப்படவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகு சமையல்காரர் பண்டிட்ஜி தானாகவே வந்து, "அது எங்ககிட்டதான் இருக்கு" என்றார். வீட்டோடு சேர்ந்த சர்வன்ட் குவார்ட்டர்ஸில் அவர் குடும்பம் இருந்தது. கார்வால் பக்கத்துக்காரர், எங்களுக்கு முன்னால் இருந்த எம்.பி. காலத்திலிருந்தே அங்கேதான். உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் டீபாய், அதன் மேல் அவர் மகளின் புத்தகங்கள். ஆறாம் வகுப்பு. மேல்பலகையில் பள்ளிக்கூடக் கால அட்டவணையை ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே செல்லோடேப்பும் ஒட்டியிருந்தாள். அந்தப் பொண்ணு ஒன்றும் சொல்லாமல் புத்தகங்களை எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். ஈரத்துணி போட்டு ஊறவைத்து, பிளேடால் அட்டவணையைச் சுரண்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சனிக்கிழமை மட்டும் கடைசிவரை வரவே இல்லை. அப்புறம் கவிழ்த்துப் பார்த்தேன். எண் சரியாக இருந்தது.

பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸும் கராஜும் காலியானால்தான் வீடு காலியானதாக எழுதுவார்கள். இது பண்டிட்ஜிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எத்தனை பேரை வழியனுப்பியவர். "ஓட்டுப் போட்டது உங்க ஊர்க்காரங்க, வீடு போறது எனக்கு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புராடி பக்கம் ஒரு அறை பார்த்துக்கொண்டு ஜூன் 20 அன்று போனார்கள்.

அந்த ஜூன் மாதம் டெல்லியில் இருந்தவர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 10ஆம் தேதி 'பாலம்' வானிலை நிலையத்தில் 48 டிகிரி. அந்த வாரம்தான் நான் கோப்புகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் மனுக்கள், ஆதார் நகல்கள், மருத்துவச் சீட்டுகள். கேந்திரிய வித்யாலயா சீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் மட்டும் ஒரு சாக்கு. அப்போது ஒரு எம்.பி. வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்குத்தான் சிபாரிசு செய்ய முடியும், கேட்டவர்களோ நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தலைவாரிப் பொட்டு வைத்த ஒரு பிள்ளையின் போட்டோ. எடைக்குப் போட மனசு வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து கையாலேயே கிழித்தேன்.

இதற்கு நடுவே போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணே, இன்னைக்கு நைட்டு வண்டிக்கு ஒரு ஈ.கியூ. லெட்டர் போடுங்க." ரயிலில் அவசர ஒதுக்கீட்டில் இடம் கேட்டு எம்.பி. கொடுக்கும் கடிதம் அது. ஐயா தோத்துட்டார்ங்க, இனிமே லெட்டர் செல்லாது என்றால், "அது தெரியும்ணே, நீங்க பழைய லெட்டர்பேடுல போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" லெட்டர்பேடுகளையும் அன்றைக்கே கிழித்துவிட்டேன். ரப்பர் ஸ்டாம்ப்பைக் கத்தரியால் வெட்டினேன்.

பொன்னாடைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐந்து வருஷத்துப் பொன்னாடைகள், இரண்டு பீரோ நிறைய. ஐயா வீட்டம்மா போனில் சொன்ன யோசனைதான்: பாத்திரம், கண்ணாடிச் சாமான், நினைவுப் பரிசு எல்லாவற்றையும் அதிலேயே சுற்றிக் கட்டினோம். மொத்தம் 14 பார்சல், புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து சென்னைக்கு. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

ஒருநாள் காலையில் கதவைத் தட்டி இரண்டு பேர் வந்தார்கள். வட மாநிலத்தில் புதிதாக ஜெயித்த ஒரு எம்.பி.யின் ஆட்கள். அவர் வெஸ்டர்ன் கோர்ட் என்ற அரசு விடுதியில் தங்கியிருக்கிறாராம், வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். ஒருவர் டேப்பை எடுத்து ஹாலை அளக்க ஆரம்பித்துவிட்டார். நான் பார்சலுக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். "எப்ப காலியாகும்?" என்று கேட்டார். கோபம்தான் வந்தது. ஆனால் 2014இல் நானும் இப்படித்தான் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன், அதுவும் கையில் ஸ்வீட் பாக்கெட்டோடு. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

மற்ற வேலைகள் பரவாயில்லை. ராஜதந்திர பாஸ்போர்ட், கார் ஸ்டிக்கர், நாடாளுமன்ற நூலகப் புத்தகங்கள், காஸ் இணைப்பு எல்லாம் ஒரு வாரத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. ஜூன் 24 அன்று ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து, பட்டியலில் டிக் அடித்தார். பிரம்பு பிய்ந்த நாற்காலியை இரண்டு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சாவியைக் கொடுத்து, வீடு காலியானதற்குச் சான்றான வெக்கேஷன் ரிப்போர்ட் வாங்கினேன். அதில் தேதி இருக்கிறதா, குவார்ட்டர்ஸும் கராஜும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்தேன். 2014இல் விட்டதை 2019இல் பிடித்தேன்.

நான்கு சான்றில் மூன்று வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை, எது என்று வேண்டாம். ஆகஸ்டில், 200க்கும் மேற்பட்ட முன்னாள் எம்.பி.க்கள் இன்னும் காலி செய்யவில்லை, மூன்று நாளில் கரண்டும் தண்ணீரும் துண்டிக்கப்படும் என்று ஹவுஸ் கமிட்டித் தலைவர் அறிவித்த செய்தி பேப்பரில் வந்தது. அதே வாரம், எப்போதோ காலி செய்த எங்களுக்கு ஜூலை மாதத்துக்கு ஒரு பில் வந்தது! வெக்கேஷன் ரிப்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு நான்கு முறை படியேறினேன். ஐந்தாவது முறை சான்று கிடைத்தது. அந்த ஒற்றைத் தாள் இல்லாவிட்டால் இன்னும் ஏறிக்கொண்டிருப்பேன்.

புது எம்.பி.யிடமே சமையலுக்குச் சேர்ந்து, பழைய குவார்ட்டர்ஸுக்கே திரும்பிவிட்டதாகப் பண்டிட்ஜி அந்தத் தீபாவளிக்குப் போன் செய்தார். டீபாய் இப்போது முன் ஹாலில் இருக்கிறதாம்.

2021 மார்ச்சில் ஐயா சட்டமன்றத்துக்கு நின்றார். மனு தாக்கலுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "தம்பி, அந்த டெல்லி பேப்பர்..." என்று இழுத்தார். நான்கும் பிளாஸ்டிக் கவரில் தயாராக இருந்தன. பரிசீலனையன்று அந்தப் பக்கத்தை யாரும் நின்றுகூடப் பார்க்கவில்லை. மனு ஏற்கப்பட்டது.

அந்த முறை ஜெயித்தார். சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியில் அறை கொடுத்தார்கள். சாவி வாங்கிய அன்று சாமான் பட்டியலைக் கேட்டு வாங்கி, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தலையை விட்டேன். ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, வந்த அன்னைக்கே காலி பண்ற வேலையைப் பாக்குற?" என்றார். "ஆமாங்கய்யா, மூணாவது நாற்காலியில நம்பர் இல்ல" என்றேன்.