லேங்கஸ்டர் நீள்துப்பாக்கி: வயதும் செய்தவரும், இதுவரை தெரிந்தது

பென்சில்வேனியாவில் இருக்கும் நண்பர் வீட்டில் பரம்பரையாக வந்த பிளின்ட்லாக் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. சக்கிமுக்கிக் கல் தட்டும் பொறியில் வெடிக்கும் வகை. அமெரிக்க விடுதலைப் போரில் பயன்பட்டது என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. யார் செய்தது, எந்தக் காலம் என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் வேலை, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. பழைய துப்பாக்கிகள் நூறு வருஷமாகக் கெட்டித்த மருந்தோடு சுவரில் தொங்குவது உண்டு. கெட்டிக்கும் குச்சியைக் குழலுக்குள் முட்டும் வரை விட்டு, வாயருகே அடையாளம் வைத்து வெளியே எடுத்தேன். அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால் குச்சியின் நுனி, குழலின் பின்முனையில் நெருப்பு உள்ளே போகும் துளை வரை, அதாவது நெருப்புத் துளை வரை வந்தது. காலி. சரி, இனி தைரியமாகக் கை வைக்கலாம்.

எடுத்ததும் கண்ணில் படுவது லாக், அதாவது வெடிக்க வைக்கும் பொறி. கல்லைக் கவ்வும் குதிரை, மருந்துக் கிண்ணி, தட்டில் 'கெட்லண்ட்' என்ற பெயர். ஆனால் கெட்லண்ட் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து வியாபாரக் குடும்பம். அவர்களுடைய லாக்குகள் அமெரிக்காவுக்கு ஏராளமாக இறக்குமதியாயின. உள்ளூர்க் கொல்லர் அதை வாங்கித் தன் துப்பாக்கியில் பொருத்துவார். ஆக, அந்தப் பெயரை வைத்துத் துப்பாக்கி செய்தவரைச் சொல்ல முடியாது.

லாக்கைக் கழற்றிப் பார்த்ததில் விஷயம் இன்னும் தெளிவானது. நெருப்புத் துளை இருக்கும் இடத்தில் குழலில் பட்டன் அளவு வட்டமாக ஒரு அடைப்பு. 1820-களுக்குப் பிறகு கேப் (தட்டினால் வெடிக்கும் சிறு உலோக மூடி) வைத்து வெடிக்கும் முறை பரவியபோது, பழைய பிளின்ட்லாக்குகளின் கிண்ணியை எடுத்துவிட்டுக் குழலில் ஒரு உருளையைத் திருகி மாற்றினார்கள். பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக அதையே திரும்பவும் பிளின்ட்லாக் ஆக்கினார்கள். இந்த அடைப்பு அந்த உருளை இருந்த ஓட்டைதான். கட்டையில் லாக் உட்காரும் பள்ளத்தின் ஓரத்திலும் புது மரச் செதில் ஒட்டியிருக்கிறது. இந்த லாக் இந்தத் துப்பாக்கியோடு பிறந்ததல்ல என்றே நினைக்கிறேன். வயது கணிக்க இனி அதை நம்பப் போவதில்லை.

அப்புறம் கட்டைப் பக்கம் போனேன். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வேலை. வரிவரியாக ரேகை ஓடும் மேப்பிள் மரம். தோளில் பதியும் பின்பகுதியின் அகலம் 1.75 அங்குலம். ஆரம்பகால ரைஃபிள்களில் இது 2 அங்குலமும் அதற்கு மேலும் கனமாக இருக்கும். 1820-க்குப் பிறகு மெலிந்து, பித்தளைத் தகடு பிறை மாதிரி ஆழமாக வளைந்துவிடும். இது நடுவில் நிற்கிறது. கட்டையின் கோடுகள் மேலும் கீழும் நேராக ஓடுகின்றன. பென்சில்வேனியாவின் லீஹை பகுதிக் கொல்லர்கள் செய்தது என்றால் மேல்கோடு மூக்குப் போல வளைந்து இறங்கும். இது அதே மாநிலத்து லேங்கஸ்டர் ஊர்க் கொல்லர்களின் கை.

பேட்ச் பாக்ஸ் அதை உறுதிப்படுத்துகிறது. குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணியைப் போட்டுவைக்கும் சிறு அறை, பித்தளை மூடியோடு. மூடிக்கு முன்னால் டெய்சிப் பூ வடிவத்தில் வெட்டிய தகடு. லேங்கஸ்டர் ரைஃபிள்களில் அடிக்கடி காணும் வடிவம். மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உட்பக்கப் பித்தளையில் சுத்தியல் தட்டிய பள்ளங்களும் அரத்தின் கீறல்களும் அப்படியே இருக்கின்றன. அறைக்குள் மரம் ஒரே மாதிரி கருத்திருக்கிறது, எங்கும் வெளுத்த வெட்டு இல்லை. பெட்டி பிற்பாடு பொருத்தியதாக இருந்தால் இந்த இடம்தான் காட்டிக்கொடுக்கும். கன்னம் பதியும் பக்கத்தில் புடைப்புச் செதுக்கலாகக் கொடிச்சுருள். அதன் உயரம் தேய்ந்து குறைந்திருக்கிறது, ஆனால் பின்னணி மரத்தைச் சுரண்டி மட்டம் செய்த உளித்தடம் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

இதையெல்லாம் சேர்த்து 1790-க்கும் 1810-க்கும் இடையில் என்று வைக்கிறேன். விடுதலைப் போர் 1783-ல் முடிந்துவிட்டது. நண்பரிடம் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடியது. லேங்கஸ்டர் கொல்லர்களின் கைவேலை உச்சத்தில் இருந்த காலம் இது என்பதையும் சொன்னேன்.

இனி பெயர். எண்கோணக் குழலின் மேல்தட்டில்தான் அந்தக் கொல்லர்கள் கையெழுத்து வெட்டுவார்கள். துரு சுரண்டவோ மெருகு போடவோ கூடாது. இருக்கும் எழுத்தும் போய்விடும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் குழலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். முதலில் 'ஜே' தெரிந்தது, பிறகு ஒரு புள்ளி, அதற்கப்புறம் சிதைந்த கீறல்கள். லேங்கஸ்டர், 'ஜே' என்றதும் மனசு ஜேக்கப் டிக்கர்டிடம் ஓடுகிறது. 1822-ல் இறந்த அவர் அந்த ஊரின் பேர்போன கொல்லர், 'ஜே. டிக்கர்ட்' என்றே வெட்டுவார். ஆனால் ஜேக்கப்பும் ஜானும் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். பேர்போனவர் பெயரைப் பிற்பாடு வெட்டி விலை ஏற்றும் வேலையும் நடக்கும்.

அதனால் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 'ஜே'யின் கீறல் துருக்குழி வரும் இடத்தில் அறுந்துபோகிறது. குழி எழுத்தைத் தின்றிருக்கிறது. கோடு குழிக்குள்ளும் இறங்கி ஓடியிருந்தால், துருவுக்குப் பிறகு வெட்டியது என்று பொருள். எழுத்து பழசு என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்து, குழலைக் கட்டையிலிருந்து எடுத்து அடிப்பக்கம் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பின்முனை அரித்துப்போனால் அதை அறுத்துவிட்டுக் குழலைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்துவது வழக்கம். அப்படியானால் அடியில், குழலைக் கட்டையோடு பிணைக்கும் பழைய ஆணித் தாங்கிகளின் வெற்றுப் பள்ளங்கள் தெரியும். கையெழுத்தும் இடம் மாறியிருக்கும். பேட்ச் பாக்ஸின் வெளிக்கோட்டை மெல்லிய தாளில் பென்சிலால் எடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்து தெளிவாக உள்ள டிக்கர்ட் ரைஃபிள்களின் படங்களோடு அதை ஒப்பிடும் வேலை பாதியில் நிற்கிறது.