பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது

தொண்டு நிறுவனங்கள் தங்கள் பயிற்சித் திட்டம் எப்படி நடந்தது என்று தயாரிக்கும் மதிப்பீட்டு அறிக்கைகளின் பின்னிணைப்பில் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: ஊர், பயிற்சியில் சேர்ந்த பெண்கள் 11, இடையில் நின்றவர் 1, வயது 16, காரணம் திருமணம். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. தயாரித்தவர் அடையாளமெல்லாம் நீக்கியாயிற்று என்ற நிம்மதியில் அனுப்பியிருப்பார். அந்த ஊர்க்காரர் யார் படித்தாலும் அது எந்த வீட்டுப் பெண் என்று உடனே தெரிந்துவிடும். குழந்தைத் திருமணத்தைச் சொல்ல வேண்டிய இடம் குழந்தைகள் உதவி எண் 1098, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, காவல் நிலையம். அறிக்கையின் அட்டவணை அதற்கான இடம் அல்ல.

14 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி, வாழ்க்கைத்திறன் வகுப்பு, மாலை நேர மையம் என்று நடத்தும் தொண்டு நிறுவனங்களில், தகவல் வெளியே போவது பெரும்பாலும் ஹேக்கரால் அல்ல. ஜெராக்ஸ், வாட்ஸ்அப், எக்செல் என்று தினசரி வேலையின் வழியாகவே போகிறது. ஆகவே பாதுகாப்பும் அந்த வேலைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

முதலில் கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இந்தப் பதில் அறிக்கையின் எந்த அட்டவணைக்குப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். பிறந்த தேதி வேண்டாம், நிறைந்த வயது போதும். அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை மட்டும் கொண்டே 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணித்தார். நம் ஊரில் அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் பள்ளியின் பெயரைப் போடுங்கள். 40 பேர் வகுப்பில் குறிப்பிட்ட ஒரு பையன் பிறந்த அதே நாளில் இன்னொரு பையனும் பிறந்திருப்பது அபூர்வம். பிறந்த தேதியும் பள்ளியும் சேர்ந்தால் அதுவே பெயர்.

ஆதார் ஜெராக்ஸ் வாங்குவது பழக்கமாகிவிட்டது. மதிப்பீட்டுக்கு அது எதற்கும் உதவாது. நிதி தருபவர் வயதுக்குச் சான்று கேட்டால், களப்பணியாளர் சான்றைப் பார்த்துவிட்டு 'பார்த்தேன்' என்று டிக் செய்து தேதி போடட்டும், நகல் வேண்டாம். நகல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். டிசி நகலும் அப்படித்தான். அதில் சாதி, அப்பா பெயர், அங்க அடையாளம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். சமூகப் பிரிவு வாரியாகப் பார்க்க வேண்டுமானால் பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி, மற்றவை என்று பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம், சொல்ல விருப்பமில்லை என்ற பதிலோடு. உட்சாதிப் பெயர் எந்த அட்டவணைக்கும் தேவைப்படாது.

அடுத்தது எண். பெயருக்குப் பதில் ஒரு எண் கொடுத்து, பெயர், போன், முகவரி எல்லாவற்றையும் ஒரு கோப்பிலும், பதில்களை இன்னொரு கோப்பிலும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்த எண் மட்டுமே. இதை எல்லோரும் செய்வதாகச் சொல்வார்கள், ஆனால் எண்ணை அமைக்கும் விதத்தில் கோட்டை விடுவார்கள். ஊர்ச் சுருக்கம், இனிஷியல், பிறந்த வருடம் என்று சேர்த்து எண் அமைத்தால் அது மாறுவேடம் போட்ட பெயர். பள்ளி வருகைப் பதிவேட்டு எண்ணும், மாணவர்களுக்குப் பள்ளிக்கல்வித் துறை தரும் எமிஸ் எண்ணும் கூடாது, ஏனென்றால் அவற்றைப் பெயரோடு வைத்திருப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். குலுக்கி எடுத்த 4 இலக்க எண்ணே போதும். 1001-இலிருந்து மேலே வைத்துக்கொள்ளுங்கள். 0047 என்று கொடுத்தால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிட்டு 47 என்று வைக்கும், திட்டம் முடிந்தபின் எடுக்கும் எண்ட்லைன் கணக்கெடுப்பில் பொருத்தும்போது ஆள் காணாமல் போவார்.

எண்ணோடு ஒரு சோதனை எழுத்தும் சேர்ப்பது நல்லது. நான்கு இலக்கங்களையும் முறையே 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 0 முதல் 10 வரைக்குமான 11 எழுத்துகளில் ஒன்றாக மாற்றுங்கள். 4716 என்றால் 20, 28, 3, 12, கூட்டினால் 63, மீதி 8. களத்தில் அவசரத்தில் 4176 என்று அடித்தால் கூட்டல் 57, மீதி 2, எழுத்து ஒத்துப்போகாது, டேப்லெட்டே தடுத்துவிடும். ஒரு இலக்கம் தவறினாலும், இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் இது பிடித்துவிடும். இது இல்லாத இடங்களில்தான் எண் பொருந்தவில்லை என்று சொல்லி, பெயரையும் பதில் கோப்பில் ஒரு நெடுவரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். பிரித்து வைத்ததெல்லாம் அங்கே வீணாகிறது.

போன் நம்பரை ஹேஷ் செய்து, அதாவது ஒரு கணித வாய்பாட்டால் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றி, அதையே எண்ணாக வைத்தால் பாதுகாப்பு என்று சில டேட்டா ஆட்கள் சொல்வார்கள். இல்லை. இந்திய மொபைல் எண் 10 இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள்தான். கேம் விளையாடும் கம்ப்யூட்டர் ஒன்று அத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடம் கூட ஆகாது.

சம்மதம் வாங்குவதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் சம்மதம் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும், சம்மதம் கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு உண்டு, ஆனால் அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இது பலரும் கவனிக்காத இடம். மதிப்பீட்டில் பிள்ளை சொன்ன குடும்ப வருமானத்தைப் பார்த்து அடுத்த வருட உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுத்தால் அந்த விலக்கு போயிற்று. மதிப்பீட்டுக் கோப்பு திட்ட ஊழியர் கைக்குத் திரும்பவே கூடாது.

பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகப் பிள்ளையைக் கேட்காமல் இருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் 7 வயதிலிருந்தே பிள்ளையின் ஒப்புதலைக் கேட்கின்றன. 12 முதல் 18 வரை அது எழுத்தில் இருக்க வேண்டும். அப்பா சரி என்று சொல்லி, பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். தையல் பயிற்சி கொடுக்கும் அக்காவே படிவத்தை நீட்டினால், மறுத்தால் சர்டிபிகேட் கிடைக்காது என்றுதான் பிள்ளை நினைக்கும். பயிற்சியில் சம்பந்தமில்லாத ஒருவர் கேட்கட்டும். பேட்டிக்கு, போட்டோவுக்கு, ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுவதற்கு என்று மூன்றுக்கும் தனித்தனி டிக் வையுங்கள். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்கினால், பேட்டிக்கு ஒத்துக்கொண்ட பெண்ணின் முகம் காலண்டரில் வந்து நிற்கும்.

படிவத்தில் பெரும்பாலும் தவறாக இருக்கும் ஒரு வாக்கியம்: 'நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்.' அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவுப்படி தண்டனை உண்டு. 'உனக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால் உதவி செய்பவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதை உன்னிடம் சொல்லிவிட்டே செய்வோம்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழு ரகசியம் என்று நம்பிப் பேசிய பிள்ளைக்குப் பிறகு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? யாரை எந்த எண்ணில் அழைப்பது, யார் கூடப் போவது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

போன் நம்பர் பிள்ளையுடையதாக இருக்காது. அப்பாவோ அண்ணனோதான் எடுப்பார். வளரிளம் பெண்கள் வகுப்பு, வன்முறை என்றெல்லாம் அவரிடம் விளக்கக் கூடாது. படிப்பு பற்றிய கணக்கெடுப்பு என்ற அளவில் முன்பே பிள்ளையோடு பேசி வைத்த பொதுவான ஒரு வரி போதும். எஸ்எம்எஸ்ஸிலும் அதே வரி.

டேப்லெட்டில் தகவல் சேகரிக்க கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓடிகே செயலியைப் பயன்படுத்துபவர்கள் படிவத்தைக் குறியாக்கம் செய்யலாம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டலாம். ஆனால் அப்படி வந்த பதிவுகளை சர்வரில் திறந்து பார்க்க முடியாது. தினமும் தரம் பார்ப்பவருக்கு இது தொந்தரவாகி, இரண்டாம் நாளே குறியாக்கத்தை எடுத்துவிடுவார்கள். இதற்கு வழி, இரண்டு படிவங்கள். பெயர், போன், முகவரி உள்ளது ஒன்று, அதற்குக் குறியாக்கம். எண்ணும் பதில்களும் மட்டும் உள்ளது இன்னொன்று, அதைத் தாராளமாகத் தினமும் பார்க்கலாம். குறியாக்கத்தைத் திறக்கும் தனிச்சாவிக் கோப்பு தொலைந்தால் அந்தத் தரவு திரும்பவே வராது. இரண்டு பென் டிரைவில் எடுத்து, இரண்டு பேர் இரண்டு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

ஜிபிஎஸ் பற்றியும் சொல்ல வேண்டும். களப்பணியாளர் நிஜமாகவே வீட்டுக்குப் போனாரா என்று சரிபார்க்க அதைப் பதிவு செய்கிறார்கள், சரி. ஆனால் 4 தசம இடங்கள் உள்ள புள்ளி சுமார் 11 மீட்டருக்குள் வந்து நிற்கும், அதாவது வீட்டு வாசல். சரிபார்த்த பிறகு ஆய்வுக் கோப்பிலிருந்து அதை நீக்குங்கள். வரைபடம் வேண்டுமென்றால் 2 தசம இடம் வைத்துக்கொள்ளலாம், அது ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வரும். சின்ன ஊராக இருந்தால் அதுவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வருகைப் பதிவேட்டை போட்டோ எடுத்து குரூப்பில் போடுவது எங்கும் நடக்கிறது. குரூப்பில் 25 பேர் இருந்தால் 25 போன் கேலரியில் அது இறங்கும், பலருக்கு அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் தானாகப் போகும். வேலையை விட்டுப் போனவரின் போனிலும் இருக்கும். தேவைப்படுவது எண்ணிக்கைதானே? 'இன்று 18 பேர்' என்று எழுதி அனுப்பினால் போதும்.

எக்செல்லில் மூன்று இடங்களில் பெயர் ஒளிந்துகொண்டு வெளியே போகும். நெடுவரிசையை மறைத்து வைப்பது நீக்குவது ஆகாது, இரண்டு கிளிக்கில் திரும்ப வந்துவிடும். ஷீட் புரொடெக்ட் என்பது பூட்டு அல்ல. கோப்பைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பதுதான் குறியாக்கம். மூன்றாவதுதான் மோசமானது, மூலத் தரவைச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிள். மூல ஷீட்டை அழித்துவிட்டு பிவட்டை மட்டும் அனுப்பினாலும் மூலத் தரவின் நகல் அதற்குள்ளேயே தங்கியிருக்கும். மொத்தம் என்ற எண்ணின் மேல் இரண்டு முறை தட்டினால் புதிய ஷீட் திறந்து 212 பிள்ளைகளின் பெயரும் போனும் வரிசையாக வந்து நிற்கும். வேர்டிலும் பவர்பாயிண்டிலும் சார்ட்டை ஒர்க்புக்கோடு சேர்த்து ஒட்டினாலும் முழு ஒர்க்புக்கும் கூடவே போகும். அட்டவணையை வெறும் மதிப்புகளாகவும், சார்ட்டைப் படமாகவும் ஒட்ட வேண்டும். கோப்பை வெளியே அனுப்பும் முன் அதைத் தயாரிக்காத இன்னொருவர் ஐந்து நிமிடம் இதற்காகவே திறந்து பார்க்கட்டும்.

அறிக்கையில் 5-க்குக் குறைந்த எண்ணிக்கையை அச்சிட வேண்டாம். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் போதாது: மொத்தம் 11, தொடர்ந்தவர் 10 என்று இருந்தால் மறைத்த கட்டம் 1 என்று பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். இரண்டாவது கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது ஊர் வாரியாக விட்டுவிட்டு ஒன்றிய வாரியாகத் தர வேண்டும். சதவீதமும் காட்டிக்கொடுக்கும், 12 பேரில் 8.3 சதவீதம் என்றால் ஒரே ஆள்தான். மேற்கோள்களில் இன்னும் கவனம் தேவை. 'மாற்றுத்திறனாளி, 17 வயது, மாநிலக் கபடி அணியில் ஆடுபவர்' என்று அடையாளம் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. வயது, பாலினம் தவிர வேறெதையும் மேற்கோளுக்குக் கீழே போடாதீர்கள். பேட்டியின் ஒலிப்பதிவை எழுதி முடித்துச் சரிபார்த்ததும் அழித்துவிட வேண்டும், குரலும் அடையாளம்தான்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைத் தொடக்கத்திலேயே தேதியாக எழுதுங்கள். எண்ட்லைன் முடிந்து அறிக்கை ஏற்கப்பட்டு 6 மாதம் கழித்துப் பெயர்க் கோப்பு அழியும் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளையோ பெற்றோரோ விலக விரும்பினால் எந்தத் தேதிவரை பதிலை எடுத்துவிட முடியும் என்பதையும் சம்மதப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பெயர்க் கோப்பு அழிந்த பிறகு எந்த வரி யாருடையது என்று நமக்கே தெரியாது. தேதி வந்ததும் லேப்டாப், மெயில் இணைப்பு, டேப்லெட், பென் டிரைவ், லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம் என்று விட்ட கூகுள் ஷீட் எல்லாவற்றிலும் தேடி நீக்கி, அன்றைய தேதியோடு ஒருவர் கையெழுத்திட வேண்டும். தாள் படிவங்களை எடைக்குப் போடாதீர்கள். பழைய பேப்பர் கடைக்குப் போனால் அங்கிருந்து பஜ்ஜிக் கடைக்கும் சுண்டல் வண்டிக்கும் போகும். கத்தரிக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள், காலையில் ஓர் எழுத்தும் படிக்க முடியாது.