சீட் கூரை கழுவ ஆள் பிடிக்கிறவர்களுக்கு

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வீட்டுக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள முற்றத்தை, வெளிச்சம் வருகிற பொலிகாபனேட் சீட்டால் மூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மழைக்கு நனையாமல் குசினிக்குப் போகலாம், உடுப்புக் காயப்போடலாம். எங்கள் அம்மா பகல் முழுக்க அங்கேதான் இருப்பா. வசதிதான். ஆனால் அதைக் கழுவ ஆள் பிடிக்கும்போது கவனமாக இருங்கள். இந்தப் புரட்டாதியில் எனக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் கூரை பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குலம்தான் சரிகிறது. வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழேயும் குசினிச் சுவருக்கு மேலேயும் அவ்வளவு இடம்தான் கிடைக்கும் என்று நினைத்தோம். இந்தச் சீட்டுக்கு அடிக்கு ஒரு அங்குல வாட்டமாவது விடவேண்டும் என்பது பொதுக் கணக்கு. அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் ஊத்தையைத் தள்ளிக்கொண்டு போகாது. கச்சான் காற்றோடு வந்த புழுதி, வேப்பம்பழம், காகத்தின் எச்சம், கடல் உப்பு எல்லாம் கீழ் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ஒரு தூறல் விழுந்தால் சேறாகும், அப்புறம் பாசி பிடிக்கும். கூரை போட்டவர் இதைச் சொல்லவே இல்லை.

மாரிக்கு முன் கழுவிவிடலாம் என்று, மோட்டார் சைக்கிள் கழுவுகிற பிரஷர் மெஷின் வைத்திருந்த ஒரு தம்பியைப் பிடித்தேன். "அரை மணித்தியால வேலை அக்கா, புதுசாக்கித் தாறன்" என்றார். சீட்டில் கால் வைக்க வேண்டாம், பலகை போட்டு நில்லுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார். நான் தேத்தண்ணி போட உள்ளே போன நேரத்தில் ஏறி நடந்துவிட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், ஒரு ஸ்குரூவைச் சுற்றி மூன்று விரல் நீளத்துக்கு வெடிப்பு.

அதோடு நிற்கவில்லை. ஆள் கீழ் ஓரத்தில் நின்றுகொண்டு மேல்நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சினார். மழை மேலிருந்து கீழே வரும். சீட்டும் ரப்பர் வொஷரும் அதற்காகவே பொருத்தப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கமாக அந்த வேகத்தில் அடித்தால் தண்ணீர் வொஷருக்குள்ளாலும் ஓரத்துக்குள்ளாலும் புகுந்துவிடும், புகுந்தது. கடைசியில் முன்பு பெயின்ட் அடித்தபோது தெறித்த புள்ளிகளைக் கண்டு, நான் கேட்காமலேயே தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்திருக்கிறார். துடைத்த இடமெல்லாம் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. அது ஊத்தை இல்லை, சீட்டே கெட்டுப்போனது. எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. தின்னர், பெற்றோல், அசற்றோன், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற தண்ணீர், கோஸ்டிக் சோடா, இதில் எதையும் பொலிகாபனேட்டுக்குக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள்.

வெடிப்பைக் காட்டினால், "மறுகா வந்து சிலிக்கோன் அடிச்சுத் தாறன்" என்று சொல்லி முழுக் காசையும் கேட்டார். பாதிதான் கொடுத்தேன். பிறகு வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை.

அடுத்த நாள் காலையில் கட்டிலில் இருந்து அம்மா மேலே காட்டினா. சீட்டுக்குள்ளே நீளநீளமாகத் தண்ணீர்க் கோடுகள், சிலது பச்சை. இந்தச் சீட் ஒரு தட்டு இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் தடுப்புகள், அந்தத் தடுப்புகளுக்கிடையில் குழாய்போலப் போகிற வெற்றிடம். அதற்குள் தண்ணீர் போய்விட்டால் வெளியில் எவ்வளவு தேய்த்தாலும் கூரை அழுக்காகத்தான் தெரியும். எத்தனையோ பேர் இது தெரியாமல் மேலே பிரஷ் போட்டுத் தேய்த்துச் சீட்டைக் கீறிவிடுகிறார்கள்.

சீட்டின் முனைகளை மூடும் டேப் வாங்கப் போன கடையில் எனக்குக் கிடைத்தது பார்சல் கட்டுகிற மண்ணிறச் செலோடேப். "இதுவும் ஒட்டும்தானே" என்றார் கவுண்டரில் நின்றவர். இன்னொரு கடையில், இரண்டு முனையையும் சிலிக்கோனால் அடைத்துவிடச் சொன்னார்கள். இரண்டும் பிழை. மேல் முனைக்கு அலுமினியம் டேப். அது இறுக்கமாக மூடவேண்டும். கீழ் முனைக்கு ஊசித்துளைபோல ஓட்டைகள் உள்ள டேப். தூசியும் பூச்சியும் போகாது, உள்ளே வேர்க்கிற நீராவி வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் இறுக்கினால் ஈரம் உள்ளேயே நின்று திரும்பவும் பாசிதான். "துளை உள்ள டேப்" என்றே கேளுங்கள். இல்லை என்றால் வேறு எதையும் வாங்காமல் வெளியே வாருங்கள்.

காத்தான்குடியில் சீட் வேலை செய்கிற ஒரு நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தங்கச்சியின் கணவர் பிடித்துத் தந்தார். வந்தவர் முதலில் ஏணியில் நின்று பார்த்தார். அப்புறம் மேலே போகிற மின்சார சபையின் சேர்விஸ் வயரைக் காட்டினார். "தங்கச்சி, இந்தப் பக்கம் அலுமினியக் கம்பு தூக்கப்படாது" என்றார். முன்பு வந்த தம்பி நீள அலுமினியக் கம்பில்தான் பிரஷ் கட்டியிருந்தார். எனக்கு அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. மரக்கம்பில் பிரஷ் கட்டினாலும் வயருக்குக் கிட்டே நீட்டாதீர்கள், ஈரக்கம்பு நம்பத்தக்கது இல்லை.

கீழ் ஓரத்து அலுமினியப் பட்டியை நானா கழற்றினார். கறுத்த சேறு கட்டியாக விழுந்தது, அதோடு வெள்ளை முட்டைகளுடன் ஒரு எறும்புக் கூட்டம். நாற்றம் குசினிவரை வந்தது. பழைய டேப் சாம்பல் தாள்போல உதிர்ந்தது. மேல் முனையையும் திறந்து, ஒவ்வொரு குழாயாக ஹோஸ் பைப்பை வைத்துத் தண்ணீர் விட்டார். முதலில் பச்சையாக வந்தது, பிறகு கலங்கலாக, கடைசியில் தெளிவாக. ஒட்டிக்கொண்டிருந்த பாசிக்கு, மெல்லிய நைலோன் கயிற்றில் ஒரு துண்டு ஸ்பொன்ஜைக் கட்டிச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தார். அந்தக் கோடு மறைந்து நீல வானம் தெரிந்ததைப் பார்த்து அம்மா கை தட்டினா.

பிறகு அவசரப்படவில்லை. முனைகளை நுளம்பு வலையால் மூடி, உள்ளே துளி ஈரமும் இல்லாமல் காயும்வரை வெயிலில் விட்டோம். ஈரத்தோடு டேப் ஒட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மேல்பக்கம் கழுவியது விடியற்காலையில். வெயில் ஏறிச் சீட் சுட்டால் சவர்க்காரம் காய்ந்து கறையாகிவிடும். சட்டத்துக்குச் சட்டம் நீளப் பலகை போட்டு அதில் மட்டும் நின்றார். முதலில் வெறும் தண்ணீர், மணலும் உப்பும் இளகி ஓடும்வரை. அப்புறம் பாத்திரம் கழுவுகிற மெல்லிய சவர்க்காரத் தண்ணீர், பஞ்சு மொப். தும்புத்தடி கிட்டேயும் வரவில்லை. வெயில் தாங்குகிற பூச்சு பெரும்பாலும் மேல்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் மிக மெல்லியது. காய்ந்த ஊத்தையைத் தேய்த்தால் அதுதான் முதலில் போகும். கடைசியாக மேலிருந்து கீழே தண்ணீர்.

கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியையும் அன்றைக்கே துப்புரவாக்கினோம். இலை மக்கி அடைத்துத் தண்ணீர் தேங்கி, அதில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. டெங்குக் காலத்தில் முற்றத்துத் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்கிற நாம் தலைக்கு மேலே இருப்பதைப் பார்ப்பதில்லை. கூரை கழுவுகிற நாளில் பீலியையும் விடாதீர்கள்.

வெடித்த சீட்டை மாற்றவேண்டி வந்தது. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: புதுச் சீட்டில் எழுத்துள்ள பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் வெயில் பூச்சுள்ள பக்கம். அதுதான் வானத்தைப் பார்க்க வேண்டும். தாளை உரித்த பிறகு எந்தப் பக்கம் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே உரிக்க முன் ஓரத்தில் பேனையால் அடையாளம் போடச் சொல்லுங்கள். ஸ்குரூவுக்குத் துளை போடும்போது ஸ்குரூவைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடவேண்டும். வெயிலுக்குச் சீட் நீளும், இடம் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே வெடிக்கும். முதல் சீட் அவ்வளவு சுலபமாக வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நானா துளையைக் காட்டிச் சொன்னார்.

ஐப்பசி முதல் மழைக்கு உள்ளே ஒரு துளி விழவில்லை. கூரைக்கு மேலே, குசினிப் பக்க மூலையில் மட்டும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. மேல் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினால் இன்னும் இரண்டு அங்குலம் வாட்டம் எடுக்கலாமாம். மாரி முடிந்து, தை கழிந்ததும் வந்து செய்து தருவதாக நானா சொல்லியிருக்கிறார். அதுவரை மழைவிட்ட நேரத்தில் ஏணியில் நின்று, மொப்பால் அந்தத் தண்ணீரைப் பீலிக்குத் தள்ளிவிடுகிறேன்.