கீமோ காலத்தில் குமட்டலும் நாக்கும்: நான் சமாளித்த விதம்

கீமோதெரபி தொடங்குவதற்கு முன்பு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "வாந்தி வரும், சாப்பாடு பிடிக்காது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சிகிச்சையின் பாதி வழியில்தான், அவை இரண்டும் தனித்தனித் தொல்லைகள் என்பதும், ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு உதவாது என்பதும் எனக்குத் தெளிவாயிற்று. குமட்டலுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன; அவற்றை நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். சுவை மாற்றத்துக்கு அப்படிப்பட்ட மருந்து கிடையாது. அதை உணவைக் கொண்டும் வாய்ப் பராமரிப்பைக் கொண்டுமே சமாளிக்க வேண்டும். இந்த வேறுபாடு முதல் நாளே தெரிந்துவிட்டால் பல வேளைப் பட்டினியைத் தவிர்க்கலாம் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். முதல் கட்டத்தில் டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது முடிந்த பிறகு பேக்லிடாக்சல். கீமோ மருந்துகளை அவை வாந்தியைத் தூண்டும் அளவைக் கொண்டு மருத்துவர்கள் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். தடுப்பு மருந்து ஏதும் தராவிட்டால் 100 பேரில் 90 பேருக்கும் மேல் வாந்தி எடுப்பார்கள் என்ற உச்ச வகையில் முதல் கட்டக் கூட்டு மருந்து இருக்கிறது. பேக்லிடாக்சலோ 10 முதல் 30 பேர் வரை என்ற குறைந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே முதல் கட்டத்தில் குமட்டலோடு போராடிய நான், இரண்டாம் கட்டத்தில் வயிறு அமைதியாக இருந்தும் நாக்கு செத்துப்போன நிலையில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தரப்போகும் மருந்து எந்த வகை என்பதை முதல் சுற்றுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

குமட்டலுக்கும் வயிற்றில் இருக்கும் உணவுக்கும் பெரிய தொடர்பில்லை. கீமோ மருந்து சிறுகுடலின் உட்சுவரில் உள்ள சில செல்களைப் பாதிக்கும்போது அவை செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அது குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்ட, அந்தச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய் வாந்தி உணர்வைக் கிளப்புகிறது. 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த ஆன்டான்செட்ரானும், அதன் பின் வந்த பலோனோசெட்ரானும் இந்தச் செரட்டோனின் பாதையை அடைக்கின்றன. முதல் 24 மணி நேரத்துக் குமட்டலை இவை நன்றாகவே தடுக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வரும் தாமதக் குமட்டலில் வேறொரு வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அதை மறிக்கும் அப்ரெபிடன்ட் என்ற மாத்திரையையும், கூடவே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துத் தருகிறார்கள்.

முதல் நாள் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடையும் வேளையில்தான் இந்தத் தாமதக் குமட்டல் தொடங்குகிறது. ஊசி போட்டுக்கொண்ட அன்று மாலை நான் நடந்து, பேசி, கொஞ்சம் சாப்பிடவும் செய்தேன். மறுநாள் பிற்பகலில் வயிற்றைப் புரட்டத் தொடங்கியது. குமட்டல் வந்த பிறகு மாத்திரையைத் தேடினால் அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். சில சமயம் மாத்திரையே வாந்தியோடு வெளியே வந்துவிடும். உடம்பு எப்படி இருந்தாலும் எழுதிக் கொடுத்த நாள்வரை, எழுதிக் கொடுத்த நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதை மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். "தேவைப்பட்டால் மட்டும்" என்று தனியாகத் தரும் மாத்திரையைப் படுக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, முதல் ஓங்கரிப்பு வரும்வரை காத்திராமல், வாயில் எச்சில் அதிகமாக ஊறத் தொடங்கும்போதே போட்டுக்கொண்டேன். விழுங்க முடியாதவர்களுக்கு நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரையும் கிடைக்கிறது.

ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், குமட்டலின் கடுமை, சாப்பிட்ட மாத்திரை ஆகியவற்றை எழுதி வந்தேன். அடுத்த சுற்றுக்கு முன் அதைப் பார்த்த மருத்துவர், வாந்தி நின்றிருந்தும் மூன்றாம் நாள் இரவுவரை குமட்டல் விடவில்லை என்பதைக் கவனித்து, ஓலான்சபின் என்ற மாத்திரையை இரவில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இது மனநலச் சிகிச்சைக்காக உருவான மருந்து. காகிதத்தில் அதைப் படித்துவிட்டுப் பலர் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும், குமட்டலுக்காக இதைத் தருவது இப்போது வழக்கமான மருத்துவ முறை. மறுநாள் காலை தூக்கக் கலக்கம் இருந்தது உண்மை. ஆனாலும் சாப்பாட்டின் பக்கம் முகம் திருப்ப என்னால் முடிந்தது இந்த மாத்திரைக்குப் பிறகுதான்.

இந்த மருந்துகளின் பக்க விளைவுகளையும் சொல்ல வேண்டும். ஆன்டான்செட்ரான் வகை மருந்துகள் மலச்சிக்கலையும் தலைவலியையும் தரும். அந்த மலச்சிக்கலே மறுபடியும் குமட்டலைக் கிளப்பும் என்பதால் அதற்கான மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்தேன். டெக்சாமெத்தசோனைக் காலையில் சாப்பிட்டால் இரவுத் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில சுற்றுகளுக்குப் பிறகு மருந்து ஏறுவதற்கு முன்பே குமட்டல் வரத் தொடங்கியது. செவிலியர் மருந்து ஏற்றும் குழாயைச் சுத்தம் செய்ய உப்பு நீரை உள்ளே செலுத்துவார். அது இரத்தக் குழாயில் ஏறிய சில நொடிகளில் தொண்டையின் பின்புறம் ஒரு விநோத நெடி எழும், உடனே வயிறு சுருண்டுகொள்ளும். முந்தைய அனுபவத்தை உடம்பு மனப்பாடம் செய்துகொள்வதால் வரும் இதை எதிர்பார்ப்புக் குமட்டல் என்கிறார்கள். இது மன பலவீனம் இல்லை. யாரும் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. நான் சொன்னவுடன் அந்தச் செவிலியர், "உப்பு நீர் போடுவதற்கு முன் சொல்கிறேன், நீங்கள் ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அதுவும், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவதும் எனக்குப் போதுமானதாக இருந்தன. அதிகமாக வந்தால் முந்தைய இரவு சாப்பிட, பதற்றத்தைத் தணிக்கும் லோரசிபாம் போன்ற மாத்திரை தருவதுண்டு.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர், கீமோ பெறும் குழந்தைகளுக்கு மருந்து ஏறுவதற்கு முன் ஒரு புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீமைக் கொடுத்துப் பார்த்தபோது, பிற்பாடு அந்த ஐஸ்கிரீமையே அந்தக் குழந்தைகள் ஒதுக்கினார்கள் என்பதைக் கண்டறிந்தார். குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்று அறிவுக்குத் தெரிந்தாலும், உடம்பு கடைசியாகச் சாப்பிட்ட பொருளின் மீதே பழியைப் போடுகிறது. 1987இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் இதையே திருப்பிப் பயன்படுத்தினார்கள்: சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையில் வழக்கமில்லாத சுவையுடைய மிட்டாய் ஒன்றைக் கொடுத்தால், வெறுப்பு அதன் மேல் விழுந்து அன்றாட உணவு தப்பிக்கிறது. ஆகவே கீமோ நாளிலும் அதையடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் எனக்கு மிகவும் பிடித்த எந்த உணவையும் நான் தொடவில்லை. தேற்றுவதற்காகப் பிடித்ததைச் சமைத்துத் தரும் அன்பை அந்த நாட்களில் மட்டும் தள்ளிவைக்கச் சொல்லி வீட்டில் கேட்டுக்கொண்டேன். பிடித்த உணவைக் காப்பாற்றி வைத்தது பின்னால் உடம்பு தேறும்போது பெரிதும் உதவியது.

குமட்டல் நாட்களில் மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொண்டேன். வயிறு முழுதாகக் காலியானாலும் குமட்டல் கூடும். சூடான உணவிலிருந்து வாசனை அதிகம் கிளம்பும் என்பதால் ஆறிய அல்லது குளிர்ந்த உணவையே சாப்பிட்டேன். மூடியை வேறொரு அறையில் திறந்து, ஆவி அடங்கிய பிறகு தட்டைக் கொண்டுவந்தார்கள். காலையில் எழுவதற்கு முன் உப்பு பிஸ்கட் போன்ற உலர்ந்த ஏதாவது ஒன்று. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவேளைகளில் மடக்கு மடக்காகக் குடித்தேன். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருப்பேன், படுக்க மாட்டேன். இஞ்சி சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு உதவுவதில்லை. ஆய்வுகளும் இரண்டு விதமாகவே சொல்கின்றன. உணவில் சேர்ப்பது வேறு, மாத்திரை வடிவில் எடுப்பது வேறு. குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சி மாத்திரை எடுக்கக் கூடாது.

பேக்லிடாக்சல் தொடங்கியதும் குமட்டல் விலகியது. ஆனால் தண்ணீர்கூடத் துருப்பிடித்த ஆணியை வாயில் அடக்கிக்கொண்டது போல இருந்தது. சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களில் புதுப்பிக்கப்படுபவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் கீமோ, புற்றுச் செல்லையும் சுவைச் செல்லையும் பிரித்தறிவதில்லை. கூடவே எச்சில் குறைகிறது, மோப்பமும் மாறுகிறது. இப்படி நடப்பதால், வாந்தி மாத்திரையைக் கூட்டுவது இதற்கு எந்த விதத்திலும் உதவாது.

ஒவ்வொரு வாரமும் என் நாக்கைப் புதிதாகச் சோதித்துப் பார்த்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, சர்க்கரை, தயிர், வேகவைத்த முட்டை ஒவ்வொன்றிலும் துளியை நாக்கில் வைப்பேன். எது தெரிகிறது, எது தெரியவில்லை, எது மாறித் தெரிகிறது என்று குறித்துக்கொள்வேன். உலோகச் சுவை தூக்கலாக இருந்த வாரத்தில் உலோகக் கரண்டியையும் குவளையையும் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியும் கண்ணாடிக் குவளையும் பயன்படுத்தினேன். தண்ணீரில் எலுமிச்சைத் துண்டைப் போட்டேன். எதுவும் உறைக்காத வாரத்தில் புளிப்பைக் கூட்டினால் மற்றச் சுவைகளும் சற்றே எழுந்து வந்தன. இனிப்பு திகட்டினால் ஒரு சிட்டிகை உப்பு அதைத் தணிக்கும். இறைச்சி கசந்தது, புரதம் குறையக் கூடாது என்பதற்காக முட்டை, தயிர், பருப்பு வகைகளுக்கு மாறினேன். சுவை தெரியாதபோது கடிபடும் தன்மை பெரிய துணை: மொறுமொறுப்பும் குளிர்ச்சியும் நாக்கு செத்திருந்தாலும் உணரப்படும்.

வாய்ப்புண் வந்துவிட்டால் புளிப்பு, காரம், மொறுமொறுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து, சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் கொப்பளித்தேன். ஆல்கஹால் கலந்த வாய்கழுவி எரிச்சலைக் கூட்டும். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து பெறுபவர்கள் குளிர்ந்த எதையும் தொடக் கூடாது, குடிக்கவும் கூடாது என்பதால், குளிர்ச்சி பற்றி நான் மேலே சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது.

வீட்டிலிருப்பவர்களுக்கு இது எளிதல்ல. "ஒரு வாயாவது சாப்பிடுடி" என்று என் அக்கா கெஞ்சும்போது அவள் பயம் எனக்குப் புரிந்தது. எடை சரிந்தால் மருந்தின் அளவையே மாற்ற வேண்டிவரலாம் என்பது அவளுக்குத் தெரியும். வற்புறுத்தல் வந்தவுடன் என் தொண்டை இறுகியது என்பதை அவளிடம் சொன்னேன். அதன்பின் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் வைத்துவிட்டு, அது பற்றிப் பேசாமல் எழுந்து போவாள். அந்தக் கிண்ணம் பெரும்பாலும் காலியானது.

வீட்டில் சமாளிக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, சிறுநீர் அடர்நிறமாகிக் குறைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, நேரம் பார்க்காமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். காய்ச்சலுக்கு அடுத்த நாள்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

கீமோ முடிந்த பிறகு சுவை ஒரேயடியாகத் திரும்பவில்லை. எனக்கு முதலில் புளிப்பு, பிறகு உப்பு, வெகு தாமதமாக இனிப்பு என்று வந்தன. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாமல் நீடித்தால், எச்சில் குறைவா, வாயில் பூஞ்சைத் தொற்றா, வேறு மருந்தின் விளைவா என்று பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் சென்று, மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.