ஆர்15-க்குப் புது இண்டிகேட்டர், புது மிரர்

ஆடி மாசக் கடைசியில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தபோது இடித்து, என் யமஹா ஆர்15 பைக் இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இடது மிரர் கழுத்தோடு ஒடிந்தது. முன்பக்க இடது இண்டிகேட்டர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. 2019-இல் வாங்கிய வெர்ஷன் 3. அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை பார்த்து, மாசாமாசம் தவணை கட்டி முடித்த வண்டி. அது தரையில் கிடந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ஒரிஜினலையே வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் அந்த மிரரில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. பாதிக் கண்ணாடியில் என் முழங்கைதான் தெரியும். பாடி மேம்பாலத்தில் இடது பக்கம் ஏறி வரும் ஆட்டோவைப் பார்க்க, ஒவ்வொரு முறையும் கையை ஒடுக்க வேண்டும். எப்படியும் மாற்றத்தான் வேண்டும், நமக்கு வேண்டியபடி மாற்றுவோம் என்று சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் தம்பியோடு வண்டி சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போனேன்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது கறுப்புக் கண்ணாடி போட்ட மெல்லிசான எல்இடி இண்டிகேட்டர். கடைக்குள் பளிச்சென்று எரிந்தது. "வெளிய வெயில்ல காட்டுங்கண்ணா" என்றேன். பிளாட்பாரத்தில் பேட்டரி வைத்துக் காட்டினார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே தெரியவில்லை. பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு நான் திரும்பப்போவது தெரியத்தான் இண்டிகேட்டர். மத்தியான வெயிலில் தெரியாத இண்டிகேட்டர் எனக்கு எதற்கு? அதே அளவில் வெள்ளைக் கண்ணாடி, மஞ்சள் வெளிச்சம், ஓரத்தில் ஐரோப்பியத் தரச் சான்றான 'இ' முத்திரை அச்சடித்த ஒரு ஜோடி உள்ளே கிடந்தது. "இது பசங்களுக்குப் பிடிக்காதுக்கா" என்றார். அதையே இரண்டு ஜோடி வாங்கினேன்.

யமஹாவில் வயர் நிறம் பார்த்தாலே பிடிபட்டுவிடும். சாக்லேட் நிறம் இடது, கரும்பச்சை வலது, கறுப்பு எர்த். வண்டியின் வயரை நான் வெட்டவில்லை. புது இண்டிகேட்டர் வயரின் நுனியில் புல்லட் முனை வைத்து கிரிம்ப் செய்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, வயர்களை இணைக்கும் பழைய கப்ளரிலேயே செருகினேன். நாளைக்கே பழையது வேண்டுமென்றால் அப்படியே திருப்பி மாட்டலாம். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும், எல்இடி எரியாது. அதனால் செருகும் முன் மல்டிமீட்டரில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

சாவியைப் போட்டு, சுவிட்சை இடது பக்கம் தள்ளினால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது. தம்பி வாட்ச்சைப் பிடிக்க நான் எண்ணினேன், நிமிடத்துக்கு 150-க்கு மேல். விதிப்படி 60-லிருந்து 120-க்குள் இருக்க வேண்டும். காரணம் எளிது. பழையவை 10 வாட் பல்புகள். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 20 வாட். புது எல்இடி இரண்டும் சேர்ந்து 3 வாட்தான். இழுக்கும் கரன்ட் குறைந்ததும், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பழைய ரிலே 'ஒரு பல்பு போய்விட்டது' என்று எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது. உண்மையிலேயே பல்பு போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியட்டும் என்பதற்காக உள்ள ஏற்பாடு அது.

இதற்கு, பழைய பல்பு அளவுக்குக் கரன்ட் இழுக்க ஒரு ரெசிஸ்டர் போடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். மிச்சம் பிடித்த வாட்டையெல்லாம் பிளாஸ்டிக் ஃபேரிங்குக்குள் சூடாக எரிப்பது சரியாகப் படவில்லை. எல்இடிக்கென்றே வரும் ரிலே ஒன்றை வாங்கி மாட்டினேன். அதில் 'பி' என்ற காலுக்கு பேட்டரியிலிருந்து வரும் வயர், 'எல்' என்ற காலுக்கு சுவிட்சுக்குப் போகும் வயர். மாற்றிக் கொடுத்தால் அடிக்காது. இப்போது எண்ணினால் 84.

மிரருக்குத்தான் நாள் பிடித்தது. கடையில் 'ஆர்15-க்கு அப்படியே உட்காரும்' என்று கொடுத்தார்கள். வெர்னியர் வைத்துப் பார்த்தால் துளைக்குத் துளை 3 மில்லி வித்தியாசம். துளையை அராவிப் பெரிதாக்கினால் போல்ட் இறுகாது, ஆடும். ஒர்க் ஷாப்பில் மேஸ்திரியிடம் கேட்டு, ஸ்கிராப்பில் கிடந்த 5 மில்லி அலுமினியத் தகட்டில் இரண்டு அடாப்டர் செய்தேன். ஓரத்தைச் சாய்வாகச் சீவி, அடியில் ரப்பர் வைத்து, அதிர்விலும் தளராத நைலாக் நட் போட்டு இறுக்கினேன். கழுத்து இப்போது ஒரு இஞ்ச் வெளியே நிற்கிறது. முழங்கை போய், பின்னால் உள்ள ரோடு வந்தது.

முதல் நாள் ஓட்டியதில் விவிஏ (இன்ஜின் வேகம் கூடும்போது வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு) வேலையைத் தொடங்கும் 7,400 ஆர்பிஎம் பக்கம் கண்ணாடி நடுங்கி, பின்னால் வரும் ஹெட்லைட் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. ரப்பரை மெல்லிசாக மாற்றியதும் அடங்கியது. இன்னொன்று: புதுக் கண்ணாடி கொஞ்சம் அதிகமாகக் குவிந்தது. வண்டிகள் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். தம்பியை இருபதடி பின்னால் நிற்க வைத்து, மிரரில் பார்த்துவிட்டு உடனே திரும்பிப் பார்ப்பேன். பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்த பிறகுதான் கண் பழகியது.

நேற்று நல்ல மழை. காலையில் கப்ளர்களைத் திறந்து பார்த்தேன். இடது பக்கம் காய்ந்திருந்தது. வலது பின்பக்கத்தில் ஸ்லீவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர். சாயங்காலம் அதைப் பிரித்து, சிலிகான் கிரீஸ் வைத்து மறுபடி மூட வேண்டும்.