குளிருக்கு முன் வீடு: ஸ்காபரோ (ரொறன்ரோ, கனடா) நாட்குறிப்பு, 2025

ஒக்ரோபர் 4, சனி

வெயில் நன்றாகவே எறிக்கிறது. ஆனால் சன்னல் ஓரங்களுக்குப் பூசும் சிலிக்கன் பசை குளிர் வந்தபின் ஒழுங்காக ஒட்டாது. அதனால் இந்த வேலைதான் முதலில்.

சமையலறை விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சன்னல், கதவு ஓரமெல்லாம் கொண்டுபோனேன். புகை நேரே எழும்பினால் சரி. அலைந்தால் அங்கே காற்று உள்ளே வருகிறது. முன்கதவின் அடியிலும், வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பெட்டியிலும் அலைந்தது. கதவுக்கு ரப்பர் பட்டி போட்டாயிற்று. பிளக் மூடிக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய நுரைத் தகடு ஹோம் டிப்போ கடையில் கிடைத்தது.

கூரைக்கு அடியில் உள்ள பரணின் மூடியைச் சுற்றியும் பட்டி ஒட்டினேன். சூடான காற்று மேலே அதன் வழியாக வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தின் இடுக்குகளால் குளிர்காற்று உள்ளே இழுபடும். பேஸ்மென்ற் குளிருகிறது என்பவர்கள் முதலில் பரணைப் பாருங்கள்.

ஒக்ரோபர் 13, திங்கள்

தாங்ஸ்கிவிங் விடுமுறை. மச்சான் ஏணியைப் பிடிக்க, கூரைப் பீலியில் கிடந்த மேப்பிள் இலைகளை அள்ளினேன். மரத்தில் இன்னும் பாதி இருக்கிறது, நவம்பரில் மறுபடி ஏற வேண்டும். பீலி அடைத்திருந்தால் தண்ணீர் அத்திவாரத்தோடு இறங்கும். கீழே வந்து விழும் குழாய்க்கு நீட்டுத்துண்டு போட்டு, வாய் சுவரை விட்டுத் தள்ளி இருக்கும்படி வைத்தோம்.

ஒக்ரோபர் 18, சனி

தோட்டத்துக் குழாய். ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்துவிட்டேன். வால்வின் பக்கத்தில் உள்ள சின்ன மூடியைத் தளர்த்தி, மிச்சத் தண்ணீரையும் வாளியில் வடித்தாயிற்று. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், செப்புக் குழாய் தாங்காது. குளிர்காலம் முழுக்க வெளிக்குழாய் திறந்தபடியே இருக்கட்டும்.

ஒக்ரோபர் 25, சனி

எல்லாவற்றிலும் முக்கியமானது இன்றைய வேலை. எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைப் பார்க்க ஆள் வந்து, பர்னர் துடைத்து, எரிவாயு அழுத்தம் அளந்துவிட்டுப் போனார். பில்ரரை நானே மாற்றினேன்.

ஃபேர்னஸ் அறைக்குப் பக்கத்தில்தான் வாடகைக்கு இருக்கும் இரண்டு மாணவர்களும் படுக்கிறார்கள். எரிவாயு சரியாக எரியாவிட்டால் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, சத்தி, அப்புறம் நித்திரை. காய்ச்சல் வரப்போகிறதென்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அவர்கள் அறை வாசலில் இருந்த, இந்த வாயுவைக் கண்டால் அடிக்கும் அலாமின் பின்பக்கத் திகதி இந்த வருடத்தோடு முடிகிறது. பற்றரி மாற்றிப் பயனில்லை, உள்ளே இருக்கும் உணரிக்கே ஆயுள் அவ்வளவுதான். புதிதாக வாங்கி எல்லாத் தளத்திலும் வைத்தேன். 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எரிவாயு ஃபேர்னஸ் உள்ள வீடுகளுக்கு அதுதான் சட்டம். சட்டம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

"அண்ணை, பொரிக்கிற புகைக்கும் இது அடிக்குமோ?" என்று ஒரு தம்பி கேட்டான்.

"புகைக்கு அடிக்கிறது மற்ற அலாம். இது அடிச்சால் சன்னலைத் திறந்துபோட்டு உள்ளே நிக்கக்கூடாது. எல்லாரும் வெளியிலை வந்து 911 எடுங்கோ."

இருவரையும் வீட்டின் பக்கவாட்டுக்கு அழைத்துப்போய், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேர்னஸின் இரண்டு வெள்ளைக் குழாய்களைக் காட்டினேன். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை வெளியே விடும். பனி குவிந்து அவற்றை மூடினால் ஃபேர்னஸ் நின்றுவிடும், புகை உள்ளே திரும்பும் ஆபத்தும் உண்டு. பெரும்பனி விழும் நாளில் வாசலை வழிப்பதற்கு முன் இதைத்தான் வழிக்க வேண்டும். பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், கீழே இருப்பவர்களுக்கு இந்த இடத்தைத் தயவுசெய்து காட்டிவிடுங்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னுக்குத் தள்ளும் நாள். வருடா வருடம் இன்றுதான் எல்லா அலாமையும் பொத்தானை அழுத்தி, அடிக்கிறதா என்று பார்ப்பேன். கீழ்த்தளத்தில் பிரதான தண்ணீர் வால்வில் சிவப்புப் பட்டி கட்டி, இருவரையும் ஒருதரம் பூட்டித் திறக்க வைத்தேன். பனி வழிக்கும் சவளும் பனிக்கட்டிக்குத் தூவும் உப்பும் கராஜிலிருந்து வாசலுக்கு வந்தாயிற்று. வெப்பம் 7 பாகைக்குக் கீழே போகத் தொடங்கிவிட்டது, வின்ரர் ரயர் மாற்ற வியாழக்கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறேன்.